ரா கோப்பும் டிரையல் நாட்களும்: புதிய எடிட்டிங் மென்பொருளைப் பழகுவது எப்படி

ஒரு ரா எடிட்டிங் மென்பொருளின் (கேமரா சென்சாரின் கச்சாப் பதிவான ரா கோப்பைப் படமாக்கித் திருத்தும் மென்பொருள்) டிரையலை, அதாவது சில நாள் இலவசமாகப் பயன்படுத்தும் பதிப்பை, முதன்முதலாக இறக்கிய அன்று நான் செய்த காரியம், பத்து வருடப் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை அப்படியே அதன் தலையில் கட்டியதுதான். படங்களை மென்பொருளுக்குள் சேர்க்கும் இம்போர்ட் இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் முழுக்கப் பிரிவியூ தயாரித்துக்கொண்டே இருந்தது. நான்காம் நாள் எனக்கு வேறு வேலை வந்துவிட்டது. டிரையல் முடிந்தபோது அந்த மென்பொருளைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: இம்போர்ட் செய்ய நேரமாகும்.

அதற்குப் பிறகு நாலைந்து மென்பொருட்களை முயன்று பார்த்துவிட்டேன். சிலவற்றை வாங்கினேன், சிலவற்றை வந்த வழியே அனுப்பிவிட்டேன். டிரையல் என்பது எல்லா பட்டன்களையும் அழுத்திப் பார்க்கக் கொடுக்கும் அவகாசம் என்று அப்போது நினைத்திருந்தேன். அது நடக்காத காரியம். இரண்டே கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் போதும். இது என் ரா கோப்பை எப்படிப் படிக்கிறது? நான் செய்யும் வேலையை எங்கே எழுதி வைக்கிறது? மற்றதையெல்லாம் வாங்கிய பிறகு ஆற அமரக் கற்றுக்கொள்ளலாம்.

முதல் கேள்வி ஏன் எழுகிறது என்று புரிய, ரா கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ரா என்பது இன்னும் படமாகாத படம்

கேமரா சென்சாருக்கு நிறம் தெரியாது. ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று ஓர் எண்ணை மட்டும் சொல்லும். நிறம் வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பிக்சலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என ஏதாவது ஒரு நிறத்தில் குட்டி வடிகட்டி ஒன்றை வைத்திருக்கிறார்கள். கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் யோசித்த அமைப்பு இது. 1976இல் காப்புரிமை கிடைத்தது. நான்கு பிக்சல் கொண்ட ஒரு சதுரத்தில் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். மனிதக் கண் பச்சைப் பகுதி ஒளியில்தான் நுணுக்கங்களை அதிகம் பிடிக்கிறது என்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு.

அப்படியானால் 24 மெகாபிக்சல் கேமராவில் பச்சையை அளப்பவை 1.2 கோடிப் பிக்சல்கள். சிவப்புக்கும் நீலத்துக்கும் ஆளுக்கு 60 லட்சம். ஆனால் கடைசியில் நாம் பார்க்கும் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று நிறங்களின் எண்ணும் வேண்டும். இல்லாத இரண்டை, பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் கணக்கிட்டு நிரப்புகிறது. இதற்கு டீமொசைக்கிங் என்று பெயர். அதாவது, திரையில் தெரியும் வண்ணப் படத்தின் எண்களில் மூன்றில் இரண்டு பங்கு யாரும் அளக்காதவை. எல்லாம் மென்பொருளின் ஊகம். ஊகிக்கும் விதம் ஆளுக்கு ஆள் மாறும் அல்லவா? முடி, துணியின் நெசவு, தூரத்து இலைகள் போன்ற இடங்களில் ஒரு மென்பொருளுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரிவது இதனால்தான். ஃபியூஜிஃபிலிம் கேமராக்கள் பலவற்றில் இருக்கும் எக்ஸ்-டிரான்ஸ் சென்சாரில் வடிகட்டிகள் 6×6 என்ற வேறொரு ஒழுங்கில் இருக்கும். அந்தக் கேமரா வைத்திருப்பவர்கள் டிரையலின் முதல் நாளிலேயே புல்வெளி, மரம் உள்ள படம் ஒன்றை 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது. சில மென்பொருட்களில் இலைகள் புழு நெளிவது போலக் குழம்பித் தெரியும்.

அடுத்தது, எண்களின் அளவு. ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 12 பிட் ராவில் 4,096. 14 பிட்டில் 16,384. எடிட் செய்யும்போது ரா இழுத்த இழுப்புக்கு வருவதும், ஜேபெக் சீக்கிரமே கிழிந்துபோவதும் இந்த வித்தியாசத்தால். ஆனால் ராவில் உள்ள எண்கள் வெளிச்சத்துக்கு நேர் விகிதத்தில் இருப்பவை. இரண்டு மடங்கு வெளிச்சம் என்றால் இரண்டு மடங்கு எண், அவ்வளவுதான். நம் கண் அப்படிப் பார்ப்பதில்லை. அந்த எண்களை அப்படியே திரையில் போட்டால் படம் இருட்டாக, பச்சை தூக்கலாக, உயிரில்லாமல் இருக்கும். அதை நம் கண்ணுக்கு ஏற்ற மாதிரி வளைத்துக் கொடுக்க ஒரு டோன் கர்வ் வேண்டும். நிறங்களைச் சரிசெய்ய ஒரு கேமரா புரொஃபைல் வேண்டும். இவற்றை எப்படி வைப்பது என்பது அந்தந்த மென்பொருளை எழுதியவர்களின் முடிவு. ஒரே கவிதையை இரண்டு பேர் வாய்விட்டு வாசித்தால் இரண்டு விதமாகத்தானே இருக்கும்? ஒரே ராவை லைட்ரூம், கேப்சர் ஒன், டார்க்டேபிள், ராதெரபி என நான்கு மென்பொருட்களிலும் திறந்தால், ஒரு ஸ்லைடரையும் தொடாமலேயே நான்கு படங்கள் கிடைக்கும். இதில் எது ‘உண்மையான’ படம் என்ற கேள்விக்கே இடமில்லை.

அந்த ஒரு விநாடி மாற்றம்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் அதிர்வது இங்கேதான். போல்டரைத் திறந்ததும் படம் பளிச்சென்று, கேமராவின் திரையில் பார்த்தது போலவே வரும். ஒரு விநாடி கழித்து, கண்ணெதிரே அது மங்கிப்போகும். நிறம் குறையும். சில சமயம் ஓரங்கள்கூடக் கொஞ்சம் நகரும். ‘என் படத்தை இது கெடுத்துவிட்டது’ என்று டிரையலை அந்த இடத்திலேயே மூடிவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

கெடவில்லை. ரா கோப்புக்குள் கேமரா தானே தயாரித்த ஒரு ஜேபெக்கையும் சேர்த்து வைத்திருக்கும். கேமராவின் பின்திரையில் நீங்கள் பார்ப்பது அதைத்தான். மென்பொருள் முதலில் காட்டுவதும் அதே. கையில் தயாராக இருக்கிறது, உடனே காட்டிவிடலாம். பின்னணியில் ராவின் எண்களை எடுத்து, டீமொசைக்கிங் செய்து, தன் கர்வையும் புரொஃபைலையும் போட்டுப் படத்தை உருவாக்கியதும் பழையதை எடுத்துவிட்டு இதை வைக்கும். ஆகவே அந்த ஒரு விநாடியில் மாறியது உங்கள் படமல்ல, அதை வாசிக்கும் ஆள். முதலில் வாசித்தது கேமரா தயாரித்த நிறுவனம். இப்போது வாசிப்பது இந்த மென்பொருள்.

கேமராவில் நாம் வைக்கும் பல அமைப்புகள் அந்த உள்ளே இருக்கும் ஜேபெக்குக்கு மட்டுமே சொந்தம். கருப்பு-வெள்ளையில் எடுத்தேன், இங்கே வண்ணத்தில் திறக்கிறதே என்றால், ஆமாம், சென்சார் அளந்தது எப்போதும் அதே எண்கள்தான். ஷார்ப்னெஸ், கான்ட்ராஸ்ட், பிக்சர் ஸ்டைல் எல்லாம் இதே கதை. விளக்கின் நிறத்துக்கு ஏற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸும் ராவில் ஒரு குறிப்பு மட்டுமே: ‘சிவப்பை இத்தனை மடங்கு, நீலத்தை இத்தனை மடங்கு பெருக்கிக்கொள்’ என்று. அதனால்தான் அதைப் பிறகு எத்தனை முறை மாற்றினாலும் ஒன்றும் கெடுவதில்லை.

இன்னும் கொஞ்சம் தந்திரமான அமைப்புகளும் உண்டு. ஃபியூஜிஃபிலிமில் டைனமிக் ரேஞ்சை (இருட்டிலிருந்து வெளிச்சம்வரை பதிவாகும் வீச்சை) டிஆர்400 என்று வைத்தால், வானம் வெளுத்துப் போகாமலிருக்க ராவை கேமரா இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) குறைத்துப் பதிவுசெய்யும். பிறகு ஜேபெக்கில் நிழல்களைத் தூக்கிச் சரிக்கட்டிவிடும். இதைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் தானும் அதேபோல் தூக்கிக் காட்டும். புரிந்துகொள்ளாதது இருட்டாகக் காட்டும். இந்த விஷயம் தெரியாமல் ‘இது மட்டமான மென்பொருள்’ என்று தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

என்ன செய்யலாம்? முதலில் புரொஃபைல் என்ற பட்டியலைத் தேடுங்கள். லைட்ரூமில் கேமராவின் தோற்றத்தை ஒட்டிய புரொஃபைல்கள் பல கேமராக்களுக்கு இருக்கின்றன. ராதெரபி, உள்ளே இருக்கும் ஜேபெக்கைப் பார்த்து அதற்கு ஏற்ற கர்வைத் தானே போட்டுத் தரும். டார்க்டேபிள் வேண்டுமென்றே அடக்கமான தோற்றத்தில் தொடங்கும். மீதி உன் வேலை என்பது அதன் கொள்கை. என்னைக் கேட்டால், கேமராவின் ஜேபெக்கை அச்சு அசலாகத் துரத்திப் பிடிக்கும் முயற்சியில் டிரையல் நாட்களை வீணாக்க வேண்டாம். அதுதான் வேண்டுமென்றால் கேனான், நிக்கான், சோனி ஆகிய நிறுவனங்களே தங்கள் கேமராக்களுக்கு இலவச ரா மென்பொருள் தருகின்றன. கேமராவின் அமைப்புகளை அவற்றைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரியாது. அவற்றின் வேகமும் வசதியும் எப்படி என்பது வேறு விஷயம்.

கடிகாரம் ஓடத் தொடங்கும் முன்

டிரையல் சிலவற்றில் 7 நாள், சிலவற்றில் 30 நாள். பெரும்பாலும் முதல் தடவை திறந்ததும் அல்லது கணக்குத் தொடங்கியதும் நாள் எண்ணத் தொடங்கிவிடும். அதனால் தயாராகிவிட்டு இறக்குவதுதான் புத்திசாலித்தனம். இறக்கிவிட்டுத் தயாராகக் கூடாது.

உங்கள் கேமரா மாடல் அந்த மென்பொருளின் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாடல் இருந்தால் மட்டும் போதாது. ராவை நீங்கள் பதிவுசெய்யும் வகையும் இருக்க வேண்டும். நிக்கான் இசட்9 கேமரா 2021இல் வந்தபோது, கோப்பைச் சிறியதாக்கும் ‘ஹை எஃபிஷியன்சி’ என்ற புதிய ரா வகையையும் கொண்டுவந்தது. அதே கேமராவின் சாதாரண ராவைத் திறக்கும் மென்பொருட்கள் சில இந்த வகையைத் திறக்க முடியாமல் நின்றன. லென்ஸுக்கும் இப்படித்தான், பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கணினியின் கிராஃபிக்ஸ் கார்டு பழையதாக இருந்தால் அதையும் கவனியுங்கள். இப்போதைய மென்பொருட்கள் பலவற்றில் நாய்ஸை (இருட்டுப் படங்களில் தெரியும் புள்ளிப் புள்ளியான குறையை) நீக்கும் வேலை அதை நம்பித்தான் நடக்கிறது. சந்தா வகை என்றால் பணம் கட்டும் கார்டு விவரத்தைத் தொடக்கத்திலேயே கேட்கக்கூடும். எந்தத் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும் என்பதை அன்றைக்கே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு படங்கள். தனியாக ஒரு போல்டர் தொடங்கி, முப்பது நாற்பது ரா கோப்புகளை அதில் நகலெடுத்து வையுங்கள். நகல், மறக்காதீர்கள். இம்போர்ட் திரையில் ‘இருக்கும் இடத்திலேயே சேர்’, ‘நகலெடு’, ‘இடம் மாற்று’ என்று மூன்று விதமாகக் கேட்கும். ஒருமுறை அவசரத்தில் மூன்றாவதை அழுத்திவிட்டு, என் போல்டர்கள் அனைத்தும் தேதிவாரியாகக் கலைந்து கிடந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சரிசெய்தேன். மென்பொருள் மேல் தப்பில்லை, சொன்னதைத்தான் செய்தது.

எந்தப் படங்களை வைத்துச் சோதிப்பது

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. நன்றாக வந்த படத்தை எந்த மென்பொருளிலும் அழகாக்கிவிடலாம். அதனால் வம்பு பிடித்த படங்களாகப் பொறுக்கி எடுங்கள். ஜன்னலுக்கு எதிரே நின்ற முகம். உயர் ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளி உணர்வை உயர்த்தி) எடுத்த இரவுப் படம். இரண்டு மூன்று நிற விளக்குகள் கலந்த அறை. அகலக் கோண லென்ஸில் எடுத்த, நேர்க்கோடுகள் நிறைந்த கட்டடம். மேகம் வெளுத்துப்போன வானம். வெவ்வேறு சரும நிறம் கொண்டவர்கள் சேர்ந்து நிற்கும் குழுப் படம். இவற்றோடு, ஏற்கெனவே வேறொரு மென்பொருளில் எடிட் செய்து உங்களுக்கு முழுத் திருப்தி தந்த இரண்டு மூன்று படங்களின் ராவும், அவற்றின் இறுதி வடிவமும்.

சிவப்புப் பூ ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சேருங்கள். நான் எந்த மென்பொருளைச் சோதித்தாலும் முதலில் திறப்பது வெயிலில் எடுத்த ஒரு செம்பருத்திப் படத்தைத்தான். கேமராவின் ஹிஸ்டோகிராமில் (படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடத்தில்) எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் கணினியில் இதழ்கள் சிவப்புச் சாயம் பூசிய காகிதம் போல ஒரே திட்டாக இருந்தன. நரம்பு ஒன்றுகூடத் தெரியவில்லை. எக்ஸ்போஷர் ஸ்லைடரை ஒரு ஸ்டாப் கீழே இழுத்தேன். இதழின் நரம்புகள் மெல்ல எழுந்து வந்தன. அப்படியென்றால் சென்சார் அவற்றைப் பதிவுசெய்துதான் இருக்கிறது. ஒயிட் பேலன்ஸுக்காகச் சிவப்பைப் பெருக்கியபோதும், திரையின் நிற எல்லைக்குள் அதை அடக்க முயன்றபோதும்தான் எண்கள் மேல்கூரையில் முட்டி நின்றிருக்கின்றன. கீழே இழுத்தும் திட்டாகவே இருந்திருந்தால், சென்சாரே நிரம்பி வழிந்துவிட்டது என்று பொருள். அதை யாரும் மீட்க முடியாது.

அதே செம்பருத்தியை இன்னொரு மென்பொருளில் திறந்தபோது இதழ் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது. மூன்றாவதில் நரம்பு தெரிந்தது, ஆனால் சிவப்பு கொஞ்சம் வெளிறியது. ஒரே ஒரு பூ, பத்து நிமிடம். இந்த மென்பொருளை எழுதியவர்கள் நிறம் மேல்கூரையில் முட்டும்போது என்ன செய்யத் தீர்மானித்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. இதைச் சொல்லித் தரும் விளம்பர வீடியோ எதையும் நான் பார்த்ததில்லை.

வெளுத்த வானத்திலும் இதேபோல ஒரு பாடம் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் பொதுவாகப் பச்சைதான் முதலில் நிரம்பும். சிவப்பிலும் நீலத்திலும் இன்னும் தகவல் மிச்சம் இருக்கும். ஒயிட் பேலன்ஸ் அந்த இரண்டையும் பெருக்கும்போது, பச்சை மட்டும் பின்தங்கி, மேகம் ஊதா கலந்த இளஞ்சிவப்பாகிவிடும். நல்ல மென்பொருள் இதை உணர்ந்து, மிச்சமிருக்கும் நிறங்களிலிருந்து மேகத்தை ஊகித்துக் கட்டியெழுப்பும் அல்லது கௌரவமாக வெள்ளையாக்கிவிடும். ஹைலைட் ஸ்லைடரைக் கடைசிவரை இழுத்துவிட்டு மேகத்தின் ஓரத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்போ சாம்பல் திட்டோ தென்பட்டால் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர் ஒன்று, வேலை வேறு

பழைய மென்பொருளின் பழக்கம் விரல்களில் இருக்கும், மூளையில் அல்ல. புதியதில் எக்ஸ்போஷர், கான்ட்ராஸ்ட், ஹைலைட், ஷேடோ என்று அதே பெயர்களைப் பார்த்ததும் கை தானாகப் பழைய அளவுக்கு இழுக்கும். படம் கோணலாக வரும். கோபம் வரும். முதல் இரண்டு நாள் வரும் வெறுப்பைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெயர்கள் ஒன்றாக இருந்தாலும் பின்னால் ஓடும் கணக்கு வேறு. ஒன்றில் ஷேடோ +50 என்பது இருட்டை மட்டும் மெல்லத் தூக்கும். இன்னொன்றில் நடுத்தர வெளிச்சத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். இதை அறிய எளிய வழி, எண்ணைப் பார்க்காமல் ஒவ்வொரு ஸ்லைடரையும் இரண்டு கோடிக்கும் இழுத்துப் பார்ப்பதுதான். இழுக்கும்போது ஒரு கண் ஹிஸ்டோகிராமில் இருக்கட்டும். எந்தப் பகுதி நகர்கிறது, எது அசையாமல் நிற்கிறது என்பதில் அந்த ஸ்லைடரின் குணம் தெரிந்துவிடும். அடிப்படை ஸ்லைடர்கள் பத்துப் பன்னிரண்டுக்கு இதைச் செய்ய ஒரு மணி நேரம் ஆகலாம். எந்தப் பயிற்சி வீடியோவையும்விட அந்த ஒரு மணி நேரம் மேல்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ரா மென்பொருட்களில் ஸ்லைடர்களை நீங்கள் இழுக்கும் வரிசைக்கு முக்கியத்துவமில்லை. முதலில் கான்ட்ராஸ்ட், பிறகு ஒயிட் பேலன்ஸ் என்று செய்தாலும், மாற்றிச் செய்தாலும், உள்ளே கணக்கு ஓடும் வரிசை மாறாது. நீங்கள் மாற்றியது படத்தை அல்ல. படத்தை எப்படித் தயாரிக்க வேண்டும் என்ற குறிப்பை. ஒவ்வொரு முறையும் அந்தக் குறிப்பை வைத்து, ராவிலிருந்து படம் புதிதாகத் தயாராகிறது. அதனால்தான் ஐந்து வருடம் கழித்துத் திறந்தாலும் பழைய நிலைக்குத் திரும்ப முடிகிறது.

பிரிசெட்களை, அதாவது ஒரே சொடுக்கில் போடும் தயார்நிலை அமைப்புகளை, கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். ஒரு பிரிசெட்டைப் போட்டதும் படம் அழகாகிவிட்டால் அது மென்பொருளின் திறமையா, பிரிசெட் எழுதியவரின் ரசனையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதேபோல், இரண்டு மென்பொருட்களின் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வெளிச்சத்தை முதலில் சமமாக்கிக்கொள்ளுங்கள். இரண்டில் எது கொஞ்சம் பிரகாசமாக, கான்ட்ராஸ்ட் தூக்கலாக இருக்கிறதோ அதைக் கண் சிறந்தது என்று சொல்லிவிடும். நானும் இதில் ஏமாந்தவன்.

உங்களுக்குத் திருப்தி தந்த பழைய படங்களை எடுத்து வைக்கச் சொன்னேனே, அவை இப்போதுதான் வேலைக்கு வரும். பழைய இறுதி வடிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புதிய மென்பொருளில் அதை எட்ட முடிகிறதா என்று பாருங்கள். அச்சாக வராது, வர வேண்டியதும் இல்லை. எத்தனை நிமிடம் ஆகிறது, எங்கே மாட்டிக்கொள்கிறீர்கள் என்பதுதான் தகவல். சரும நிறத்தில் மாட்டிக்கொண்டால் ஒரு பொருள், மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தத் தேர்ந்தெடுப்பது) வரைவதில் மாட்டிக்கொண்டால் வேறொரு பொருள். பின்னதைப் பழக்கம் தீர்த்துவிடும். முன்னது தீராமலேயே போகலாம்.

உங்கள் உழைப்பு எங்கே போய் உட்காருகிறது

இதை யாரும் டிரையலில் பார்ப்பதில்லை. மூன்று வருடம் கழித்து மென்பொருளை மாற்ற நினைக்கும்போதுதான் பார்க்கிறார்கள்.

மென்பொருள் ராவின் எண்களைத் தொடுவதில்லை என்றேன். அப்படியானால் அந்தக் குறிப்புகள் எங்கே இருக்கும்? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கேட்டலாக் என்ற தரவுத்தளக் கோப்பு. எல்லாப் படங்களின் எடிட் விவரமும் அந்த ஒரே கோப்பில். லைட்ரூம் கிளாசிக் இதைத்தான் மையமாக வைத்திருக்கிறது. தேடுவது, பிரித்து அடுக்குவது எல்லாம் வேகமாக நடக்கும். ஆனால் மென்பொருளுக்கு வெளியே போய்ப் படத்தை வேறு போல்டருக்கு மாற்றினால், கேட்டலாக் அதைத் தேடிக்கொண்டு நிற்கும். இன்னொன்று, சைட்கார். ஒவ்வொரு ராவின் பக்கத்திலும் ஒரு குட்டிக் கோப்பு. ராதெரபிக்கு பிபி3, டிஎக்ஸ்ஓ போட்டோலேபுக்கு டிஓபி, பலவற்றுக்கு எக்ஸ்எம்பி. போல்டரை எங்கே தூக்கிப் போனாலும் எடிட்டும் கூடவே வரும். டார்க்டேபிள் இரண்டையும் செய்கிறது: தரவுத்தளமும் வைத்துக்கொள்ளும், பக்கத்தில் எக்ஸ்எம்பியும் எழுதும். லைட்ரூம் கிளாசிக்கிலும் எக்ஸ்எம்பி எழுதும் வசதியை இயக்கிக்கொள்ளலாம்.

நீங்களே பார்த்துவிடலாம். ஒரு படத்தை நன்றாக எடிட் செய்துவிட்டு மென்பொருளை மூடுங்கள். போல்டரைத் திறந்து, புதிதாக ஏதாவது கோப்பு முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்எம்பி இருந்தால் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறக்கும். லைட்ரூம் எழுதியதாக இருந்தால் எக்ஸ்போஷர், கான்ட்ராஸ்ட் என்று வரி வரியாக எண்களைப் படிக்கலாம். நீங்கள் அரை மணி நேரம் உட்கார்ந்து செய்த எடிட் சில கிலோபைட் எழுத்தாகக் கிடப்பதை முதல் தடவை பார்க்கும்போது ஒரு மாதிரி இருக்கும்.

அந்த எழுத்தைப் பார்த்ததும் வரும் ஆசை இயல்பானது: இதை இன்னொரு மென்பொருள் படித்துவிடாதா? நட்சத்திர மதிப்பீடு, குறிச்சொற்கள், தலைப்பு போன்றவற்றைப் பெரும்பாலும் படித்துவிடும். எடிட்டைப் படிக்காது, படித்தாலும் அரைகுறைதான். ‘கான்ட்ராஸ்ட் +20’ என்பதற்கு அதை எழுதிய மென்பொருளின் கணக்குக்குள் மட்டுமே அர்த்தம் உண்டு. ஆகவே ஒரு மென்பொருளில் செய்த எடிட் அங்கேயே தங்கிவிடும் என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள். படங்களைத் தரம் பிரிக்க நட்சத்திரத்தையே பயன்படுத்துவது என் வழக்கம். கொடி, நிறப்பட்டை போன்றவை மென்பொருள் மாறும்போது காணாமல் போவதுண்டு.

நகல் போல்டரில் சோதிக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. டிஎன்ஜி (அடோபி உருவாக்கிய பொது ரா வடிவம்) வகை ரா என்றால், சில மென்பொருட்கள் குறிப்புகளைத் தனியாக எழுதாமல் அந்தக் கோப்புக்குள்ளேயே எழுதும். படத்தின் எண்கள் மாறாது, ஆனாலும் கோப்பு மாறும். பழைய மென்பொருளின் குறிப்புகளோடு புதியதன் குறிப்புகள் முட்டிக்கொள்ள அசலில் இடம் கொடுக்க வேண்டாம்.

சில்லறை விஷயங்கள்

லென்ஸ் திருத்தம் தானாக நடக்கிறதா, நாம் டிக் போட வேண்டுமா என்று கட்டடப் படத்தில் பாருங்கள். நாய்ஸ் நீக்கத்தைத் திரைக்கு அடங்கிய அளவில் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். 100 சதவீதத்தில் வைத்து, கண்ணிமைகளையும் இருட்டான சுவரையும் பாருங்கள். ஏஐ வகை நாய்ஸ் நீக்கம் என்றால் கைக்கடிகாரத்தை வைத்து ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் என்று அளந்துகொள்ளுங்கள். ஒரு படத்துக்கு 15 விநாடி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். 400 படத்துக்கு ஒரு மணி 40 நிமிடம். சில மென்பொருட்கள் இதற்காகப் புதிதாக ஒரு டிஎன்ஜி கோப்பை உருவாக்கும். அதில் ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று நிற எண்களும் இருப்பதால், அசல் ராவைவிட மிகப் பெரியதாக இருக்கும். வட்டில் இடம் இருக்கிறதா என்பதும் அப்போது ஒரு கேள்வி.

எக்ஸ்போர்ட்டை டிரையலின் நடுவிலேயே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். எஸ்ஆர்ஜிபி என்ற, பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான நிறவெளியில் ஒரு ஜேபெக் எடுத்து, கைபேசியில் பாருங்கள். மென்பொருளுக்குள் தெரிந்த நிறம் அங்கேயும் தெரிகிறதா? சில டிரையல்களில் எக்ஸ்போர்ட் செய்யும் படத்தின் மேல் முத்திரை விழும். அதைக் கடைசி நாளில் கண்டுபிடித்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

டார்க்டேபிளும் ராதெரபியும் கட்டற்ற மென்பொருட்கள், அவற்றுக்கு டிரையல் என்பதே கிடையாது. அதில் ஓர் ஆபத்து: நாள் எண்ணிக்கை இல்லாததால் யாரும் ஒழுங்காக உட்கார்ந்து பழகுவதில்லை. முடிந்தால் நீங்களாகவே இரண்டு வாரம் கெடு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள்

டிரையல் முடியும்போது ரா கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. எடிட் செய்யும் கதவுதான் மூடும். எவ்வளவு மூடும் என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா நின்ற பிறகும் கேட்டலாக்கைத் திறந்து பார்க்கலாம், படங்களை எக்ஸ்போர்ட் செய்யலாம். படத்தைத் திருத்தும் டெவலப் பகுதி வேலை செய்யாது. வேறு சில, திறக்கவே திறக்காது. அதனால் கடைசி நாளுக்கு முன்தினம், உங்களுக்குப் பிடித்துப்போன எடிட்களை 16 பிட் டிஃப் கோப்பாக எடுத்து வைத்துவிடுங்கள். அதைப் பெரும்பாலான எடிட்டிங் மென்பொருட்கள் திறக்கும். ஜேபெக்கைவிட மேலும் எடிட் செய்யத் தாங்கும்.

பிறகு, முதல் நாள் திறந்த அதே வம்பு பிடித்த படத்தை மறுபடி திறந்து, எல்லா எடிட்டையும் அழித்துவிட்டு, புதிதாக ஒருமுறை செய்து பாருங்கள். முதல் நாள் நாற்பது நிமிடம் பிடித்த வேலை இப்போது பத்து நிமிடத்தில் முடிகிறதா? அல்லது இன்னும் அதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறீர்களா? எனக்கு வாங்குவதா வேண்டாமா என்பது எப்போதும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். வேண்டாம் என்று தோன்றினால், டிஃப் கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு நகல் போல்டரை அழித்துவிடுகிறேன். செம்பருத்திப் படம் மட்டும் அடுத்த டிரையலுக்காகத் தனியே கிடக்கும்.